மலை ரயில் மாடலும் ட்ரோன் படமும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மலை ரயிலை வீட்டில் மாடலாகச் செய்ய நினைப்பவர்கள் ஒரு பக்கம், அதே ரயிலை ட்ரோன் வைத்துப் படம் பிடிக்க நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். பேசிப் பார்த்தால் பாதிப் பேருக்கு இரண்டு ஆசையும் இருக்கிறது. எனக்கும்தான். குன்னூர் பக்கம் இருப்பதால் திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருகின்றன. அவற்றையும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த அளவில் தொடங்குவது? எச்ஓ (HO) என்கிறார்கள், என் (N) என்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை.

எச்ஓ என்றால் நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. என் (N) என்றால் 160ல் ஒரு பங்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் தண்டவாள அகலத்தைப் பாருங்கள். நம் மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் 1000 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக விற்கும் எச்ஓஎம் தண்டவாளத்தின் அகலம் 12 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட கச்சிதமாகப் பொருந்துகிறது. பெக்கோ, பெமோ இரண்டு நிறுவனங்களும் இந்த 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தைச் செய்கின்றன.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் ஊர் அகல ரயில் பாதையை மாடல் செய்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. 1676 மில்லிமீட்டர் பாதை எச்ஓவில் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும்; கடையில் கிடைப்பதோ 16.5. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சமாளிக்கிறார்கள். மலை ரயில்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இடம் ரொம்பக் குறைவு என்றால் 160ல் ஒரு பங்கில், 6.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் செய்யலாம். ஆனால் அந்த அளவில் இன்ஜினைக் கையால் செய்வது கண்ணுக்குத் தண்டனை. என் ஓட்டு எச்ஓஎம்முக்கே.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை முழுப் பாதையையும் செய்ய முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதையின் நீளம் 45.88 கிலோமீட்டர். 87ஆல் வகுத்தால் 527 மீட்டர். சரி, வளைத்து வளைத்து எங்கேயோ வைத்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். உயரத்துக்கு என்ன செய்வீர்கள்? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2203 மீட்டர். வித்தியாசத்தை 87ஆல் வகுத்தால் இருபத்தொன்றரை மீட்டர். ஏழு மாடிக் கட்டடம் வேண்டும்.

அதனால் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. எல்லோரும் பாலமும் குகையும் வேண்டும் என்கிறார்கள். பாதை முழுக்க 250 பாலங்கள், 16 குகைகள், 208 வளைவுகள் இருப்பதால் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் இரண்டரை மீட்டர் மேசையில் நாலு குகை வைத்தால் மலை எலிப் பொறி மாதிரி ஆகிவிடும்.

நான் சிபாரிசு செய்வது குன்னூர் நிலையம். கல்லாற்றில் தொடங்கும் பல் தண்டவாளம், அதாவது இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் நடுப் பட்டை, இங்கேதான் முடிகிறது. நீராவி இன்ஜின் கழன்று டீசல் இன்ஜின் மாட்டுவதும் இங்கேதான். இன்ஜின் ஷெட் இருக்கிறது. ஊட்டிக்குப் போகும் ரயில் கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் மேலே ஏறும். பக்கத்திலேயே ரயில்வே கேட், அதை ஒட்டிப் பேருந்து நிலையம். ஒரே மேசையில் இன்ஜின் மாற்றலாம், தண்ணீர் பிடிக்கலாம், கேட்டை மூடி வண்டிகளை நிற்க வைக்கலாம். சுற்றிச் சுற்றி ஓடும் வட்டப் பாதை பத்து நிமிடத்தில் அலுத்துவிடும், இது அலுக்காது.

அமைதியான காட்சி வேண்டும் என்றால் ரன்னிமேடு அல்லது லவ்டேல் போதும். ஒரு சின்ன நிலையம், ஒரு வளைவு, பின்னால் மரங்கள்.

வளைவுகளை எவ்வளவு நெருக்கமாக வைக்கலாம்?

மலை ரயிலின் மிக நெருக்கமான வளைவின் ஆரம் 100 மீட்டர். எச்ஓவில் அது 115 சென்டிமீட்டர். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் 60 சென்டிமீட்டர் வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் பெட்டிகளின் மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு பொம்மைத்தனம் தெரியும். வளைவை மேட்டுக்குப் பின்னால் பாதி மறைத்துவிட்டால், 60 சென்டிமீட்டர் கூட நம்பும்படி இருக்கும்.

பல்சக்கரம் நிஜமாகவே வேலை செய்ய வேண்டுமா? சும்மா காட்சிக்கு வைத்தால் போதாதா?

முதலில் நிஜத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏற்றம் 12க்கு 1 வரை போகிறது. 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் இந்தச் சரிவை ஏறினால் வழுக்கும். அதனால் நடுவில் இரண்டு பல் பட்டைகள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் எந்த நேரமும் ஒரு பல்லாவது பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு ஆப்ட் முறை என்று பெயர்.

இந்தப் பாதையின் நீராவி இன்ஜினுக்கு எக்ஸ் வகை என்று பெயர். அதற்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு உருளைகள் (சிலிண்டர்கள்), ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே இருப்பவை சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன, மேலே இருப்பவை பல்சக்கரத்தைச் சுற்றுகின்றன. பல் தண்டவாளத்தில் ஏறும்போது கீழ் உருளையில் வேலை செய்து முடித்த நீராவி மேல் உருளைக்குப் போய் இன்னொரு முறை உழைக்கிறது. பல் இல்லாத இடத்தில் கீழ் உருளைகள் மட்டும் ஓடும். மாடலில் இந்த இரட்டை உருளையும் அதன் கம்பிகளும் சரியாக வந்துவிட்டால், மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் பார்க்கிறவர் எக்ஸ் என்று சொல்லிவிடுவார்.

இனி கேள்விக்கு வருகிறேன். பெமோ எச்ஓஎம்முக்கு வேலை செய்யும் பல் பட்டை விற்கிறது. அதற்கேற்ற பல்சக்கரம் உள்ள இன்ஜின் அடிப்பாகமும் வேண்டும். செலவு கூடும், பொருத்தும்போது பொறுமையும் கூட வேண்டும். பட்டை அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும் இன்ஜின் தூக்கிக்கொள்ளும். நாலு பெட்டியைத் தள்ளிக்கொண்டு 12க்கு 1 ஏற வேண்டும் என்றால் வேலை செய்யும் பல்தான் வழி. குன்னூர் நிலையத்தை மட்டும் செய்கிறீர்கள் என்றால் காட்சிப் பட்டை போதும். ஏனென்றால் நிலையத்துக்குள் ஏற்றம் கிட்டத்தட்ட இல்லை.

ஒன்றை மட்டும் மாற்றிச் செய்யாதீர்கள். ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும். முன்னால் இழுத்துப் போகும் மாடலை நீலகிரி என்று சொன்னால் மேட்டுப்பாளையத்துக் குழந்தை கூடச் சிரிக்கும்.

எக்ஸ் வகை இன்ஜின் மாடல் கடையில் கிடைக்குமா?

பெட்டியைப் பிரித்து ஓட்டும்படி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலையில் 1914லிருந்து 1925 வரை 12, பிறகு 1952ல் 5, ஆக 17 இன்ஜின்கள் செய்தார்கள். அண்மைக் காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகச் சில செய்திருக்கிறார்கள். உலகத்திலேயே இவ்வளவுதான் என்னும் இன்ஜினுக்குப் பெரிய நிறுவனம் எதுவும் அச்சு வார்க்காது.

பலரும் செய்வது இதுதான்: 12 மில்லிமீட்டர் பாதைக்கான ஓர் அடிப்பாகத்தை வாங்கி, மேலே உடலை முப்பரிமாண அச்சில் எடுத்துப் பொருத்துவது. கோவையில் முப்பரிமாண அச்சு செய்து தருபவர்களுக்குப் பஞ்சமில்லை. பிசின் அச்சு கேளுங்கள், இழை அச்சில் கோடுகோடாகத் தெரியும். பக்கத் தொட்டிகள் தட்டையாக இருப்பதால் அவற்றை பிளாஸ்டிக் தகட்டில் நீங்களே வெட்டலாம். சக்கர அமைப்பு முன்னிருந்து பின்னாக: நான்கு ஜோடி ஓட்டும் சக்கரங்கள், கடைசியில் ஒரு ஜோடி சின்னச் சக்கரங்கள்.

மலையை எதால் செய்வது? வெளிநாட்டுப் பொருள் எல்லாம் விலை கட்டுப்படியாகவில்லை.

எதற்கு வெளிநாட்டுப் பொருள்? அடுக்கடுக்காகத் தெர்மாகோல் ஒட்டி, கத்தியால் செதுக்கி, அதன் மேல் செய்தித்தாளைப் பசையில் நனைத்து இரண்டு மூன்று அடுக்கு போட்டு, கடைசியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினால் மலை தயார். மைதாப் பசை காய்ச்சினால் புத்தகம் பைண்டு செய்பவர்கள் மாதிரி மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேருங்கள், கரப்பான் வராது. அது விஷம். அடுப்படியில் புழங்கும் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

பாறைக்கு அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து, அதில் பிளாஸ்டரை ஊற்றி எடுத்தால் போதும். மண்ணுக்கு நம் ஊர்ச் செம்மண்ணே. வாணலியில் வறுத்து மாவுச் சல்லடையில் சலியுங்கள். அப்புறம் ஒரு காந்தத்தை அதற்குள் கட்டாயம் ஓட்டிவிடுங்கள். செம்மண்ணில் இருக்கும் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காவிட்டால் ஒருநாள் மோட்டாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஜல்லிக்கு எம் சாண்ட் சலித்தது. தூளை வைத்துவிட்டு, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். அந்தச் சொட்டு திரவம் இல்லாவிட்டால் பசை முத்துமுத்தாக மேலேயே நிற்கும்.

தேயிலைத் தோட்டம் எப்படிச் செய்தாலும் பச்சைக் கம்பளி விரித்த மாதிரி இருக்கிறதே?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பதில் கொஞ்சம் நீளும்.

தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். எச்ஓவில் 7 முதல் 10 மில்லிமீட்டர். செடியின் தலை உருண்டையாக இருக்காது. இலை பறித்துப் பறித்துத் தட்டையாக, மேசை போல ஆகியிருக்கும். அதுவும் சரிவோடு சேர்ந்து சாய்ந்த தட்டை. பெரும்பாலான மாடல்களில் பச்சை உருண்டைகளை வரிசையாக ஒட்டிவிடுகிறார்கள், அதுதான் முட்டைக்கோஸ் தோட்டம் மாதிரி தெரிகிறது. மஞ்சள் ஸ்பாஞ்சைத் தண்ணீரோடு மிக்ஸியில் அரைத்து, அக்ரிலிக் பச்சையில் ஊறவைத்து, காய்ந்ததும் ஒட்டுங்கள். பசை முழுதாகக் காய்வதற்குள் ஒரு அட்டையால் மெல்ல அழுத்தித் தலையைத் தட்டையாக்குங்கள். அவ்வளவுதான், தேயிலை வந்துவிடும்.

நிறம் ஒன்றாக இருக்கக் கூடாது. கொழுந்து விட்ட பகுதி இளம்பச்சை, பறித்து முடித்த பகுதி கரும்பச்சை. ஒரு மூலையில் கவாத்து அடித்த பகுதி வையுங்கள்: இலையே இல்லாமல் பழுப்புக் குச்சிகள், அடியில் செம்மண். தென்னந்துடைப்பத்துக் குச்சியின் நுனியைப் பொடியாக நறுக்கிச் செய்யலாம். இந்தக் கவாத்துப் பகுதியை யாரும் வைப்பதில்லை. வைத்துப் பாருங்கள், தோட்டத் தொழிலாளி வீட்டிலிருந்து வந்தவர் நேராக அங்கேதான் விரல் நீட்டுவார்.

பழைய தோட்டங்களில் வரிசை அளவுகோல் வைத்த மாதிரி இருக்காது. சரிவு வளையும் இடத்தில் வரிசையும் வளையும், நடுவே ஒற்றையடிப் பாதை கோணலாக வெட்டிப் போகும். நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள், உயரமாக ஒல்லியாக, இடைவெளி விட்டு. சில்வர் ஓக் இல்லாத தேயிலைத் தோட்டம் படத்தில் எந்த நாட்டிலும் இருக்கலாம்.

எந்த உயரத்தில் எந்தச் செடி என்பதும் முக்கியம். கல்லாற்றில் பாக்குத் தோப்பு. அடர்லி, ஹில்குரோவ் பக்கம் அடர்ந்த காடு. குன்னூரை நெருங்க நெருங்கத் தேயிலை. கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாகக் கேரட், உருளைக்கிழங்கு வயல்கள், மேட்டில் ஒட்டி ஒட்டி வீடுகளுள்ள ஹட்டிகள் என்னும் படுகர் ஊர்கள். லவ்டேல் வந்தால் கற்பூர மரங்களும் (யூகலிப்டஸ்) சீகை மரங்களும் (வாட்டில்). கல்லாறு என்று பெயர்ப் பலகை வைத்துவிட்டுப் பின்னால் கற்பூர மரம் நட்டால் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்தால் காட்டுத் தரையில் விழுந்த சருகுக்கு அது போல வேறு எதுவும் வராது. நன்றாகக் காய வையுங்கள். இங்கே ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

ஈரம் என்றதும் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் பலகை வளைந்துவிடுகிறது, என்ன செய்வது?

சாதாரண பிளைவுட் வேண்டாம். கப்பல் வேலைக்கான தர முத்திரை, ஐஎஸ் 710, உள்ள பலகையை வாங்கி எல்லாப் பக்கமும், வெட்டிய ஓரங்களிலும், பெயின்ட் அடியுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து வளையும். தண்டவாளம் நிக்கல் சில்வரில் வாங்குங்கள். இரும்புத் தண்டவாளம் ஊட்டியில் ஒரு பருவமழை தாங்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து அவ்வப்போது துடைத்தால் மின்சாரம் தடையில்லாமல் போகும்.

டிசிசி, அதாவது ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனியாகக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் கட்டுப்பாடு, தேவையா?

ஒரே தண்டவாளத்தில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்ட வேண்டும் என்றால் டிசிசி நல்லது. ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக ஓட்டலாம், சத்தமும் சேர்க்கலாம். ஒரே ஒரு ரயில் போதும் என்றால் 12 வோல்ட் நேர்மின்சாரமே போதும். மிச்சப் பணத்தை இன்ஜினில் போடுங்கள்.

நீராவி ரயிலை ட்ரோனில் எங்கே எடுப்பது? நல்ல இடம் சொல்லுங்கள்.

இங்கேதான் எல்லோரையும் ஏமாற்றமடைய வைக்கிறேன்.

அன்றாட ரயிலில் நீராவி இன்ஜின் ஓடுவது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும். அதில் கல்லாற்றுக்கு மேலே பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் பறக்கவிடக் கூடாது. கல்லாறு யானைகள் கடந்துபோகும் வழித்தடமும் கூட. குன்னூருக்கு மேலே வெட்டவெளியும் தேயிலையும் கிடைக்கும், ஆனால் இழுப்பது டீசல். போதாக்குறைக்கு அந்தப் பாதை வெலிங்டன் கன்டோன்மென்டையும் வெடிமருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியையும் ஒட்டிப் போகிறது. ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இருக்கும் ஊர் வெலிங்டன். அங்கே ட்ரோன் பெட்டியைத் திறக்கவே யோசியுங்கள்.

மிஞ்சுவது என்ன? ரன்னிமேடு, காட்டேரி பக்கம் தனியார் எஸ்டேட்டுகள் சில பாதையைப் பார்த்தபடி இருக்கின்றன. எஸ்டேட் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அரசின் ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் பறக்கத் தடையில்லாத பச்சை மண்டலமா என்று பார்த்து, காட்டு எல்லைக்குள் போகாமல், எஸ்டேட்டுக்கு மேலேயே நின்று எதிர்ச் சரிவில் ஏறும் ரயிலை எடுக்கலாம். எப்போதாவது ஊட்டி வரை நீராவிச் சிறப்பு ரயில் விடும்போது கேத்தி, லவ்டேல் பக்கம் வாய்ப்பு உண்டு. சினிமாக்காரர்கள் மாதிரி முறையாக அனுமதி வாங்கி எடுப்பது தனி வழி.

என் ட்ரோன் 250 கிராமுக்குக் கீழே. எனக்கு விதி எதுவும் கிடையாதுதானே?

அப்படி இல்லை. ட்ரோன் விதிகள் 2021ன்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வணிக நோக்கமில்லாத மைக்ரோவுக்கும் விமானி சான்றிதழ் தேவையில்லை, அவ்வளவுதான். அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலம் நானோவுக்கும் சிவப்புதான். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நினைத்தால் ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக்கலாம். பெரிய மனிதர்கள் ஊட்டிக்கு வரும் நாட்களில் இது நடக்கும். அதனால் புறப்படும் அன்று காலையிலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று: 249 கிராம் ட்ரோனில் இறக்கைக் காப்பும் வடிகட்டிக் கண்ணாடியும் மாட்டினால் 250ஐத் தாண்டும். நகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வரட்டும் என்று நினைப்பவர்களுக்கு: முழு ட்ரோனை இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது.

ரயில்வே அனுமதி வேண்டுமா?

ரயில்வே நிலத்திலிருந்து பறக்கவிடுவதற்கும், வணிகப் படப்பிடிப்புக்கும் வேண்டும். இந்தப் பாதை தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் வருகிறது. தண்டவாளத்தில் நடந்து போய் எடுப்பது தனிக் குற்றம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் கூட. குகைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

யானை ட்ரோன் சத்தத்துக்கு அப்படி என்ன செய்யும்?

யானைக்குத் தேனீக் கூட்டம் என்றால் பயம். ட்ரோனின் ரீங்காரம் கிட்டத்தட்ட அதே மாதிரி. மிரண்டு ஓடும் யானைக் கூட்டம் செங்குத்துச் சரிவில் எந்தப் பக்கம் ஓடும், கீழே தண்டவாளத்தில் ரயில் வருகிறதா என்றெல்லாம் நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது. எஸ்டேட்டுக்குள் காட்டுமாடு நிற்கும்போதும் இறக்கிவிடுங்கள். பக்கத்தில் கொழுந்து பறிப்பவர்கள் இருப்பார்கள்.

மலையில் பறக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

திரையில் காட்டும் உயரம் நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது. ரோட்டோரத்தில் கிளம்பி 60 மீட்டர் என்று காட்டும்போது எதிர்ச் சரிவில் மரத்தின் உச்சி 70 மீட்டரில் இருக்கலாம். தானாகத் திரும்பி வரும் உயரத்தைச் சுற்றியிருக்கும் மிக உயர்ந்த மரத்துக்கும் மேலே வையுங்கள். சமவெளியில் 30 மீட்டர் வைத்துப் பழகியவர்கள் இங்கே அப்படியே விட்டால் ட்ரோன் நேராகச் சில்வர் ஓக்கில் போய் உட்காரும்.

ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கை வேகமாகச் சுற்ற வேண்டும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகே மாட்டுங்கள். 40 சதவீதத்தில் திரும்பக் கூப்பிடுங்கள். மேகம் வந்தால் காத்திருக்காதீர்கள். குன்னூர்ப் பள்ளத்தாக்கில் மேகம் கீழிருந்து ஏறி வரும், இரண்டு நிமிடத்தில் எதிர்மலை காணாமல் போகும். ட்ரோன் கண்ணில் படும் தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதியை இங்கே யாரும் நினைவுபடுத்தவே வேண்டாம்.

புகையும் நீராவியும் வெறும் வெள்ளையாக வெளுத்துப்போகிறது.

கேமராவைத் தானியங்கியில் விட்டால் கரும்பச்சைக் காட்டைப் பார்த்து அது வெளிச்சத்தைக் கூட்டும், நீராவி வெளுத்துவிடும். கையால் அமைத்து, நீராவியின் வெளிச்சத்துக்கு அளந்து பூட்டுங்கள். காடு கொஞ்சம் இருண்டாலும் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்த நீராவியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் விநாடியில் 50ல் ஒரு பங்கு, அதனால் படம் வெளுக்காமல் இருக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி வடிகட்டி.

நீராவி எடுப்பாகத் தெரிவது குளிர்ந்த, ஈரமான காலையில். வெயில் ஏறினால் புகைபோக்கிக்கு மேலேயே கரைந்துவிடும். சூரியன் ரயிலுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பழைய படங்களில் வரும் கரும்புகையை எதிர்பார்க்காதீர்கள், எண்ணெயில் எரியும் இன்ஜின்களும் ஓடுகின்றன.

ரயிலைப் பின்தொடர்ந்து பறப்பது கஷ்டமா?

பல் தண்டவாளத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான், விநாடிக்கு 3.6 மீட்டர். மிதிவண்டிக்காரர் முந்திவிடுவார். பின்தொடர்வது சுலபம், ஆனால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். தலைக்கு மேல் ட்ரோன் வந்தால் பயணிகள் ஜன்னலில் சாய்வார்கள், பெட்டி முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கவனம் சிதறும். தூரத்தில் ஓர் இடத்தில் நிறுத்திவைத்து, ரயில் பிரேமுக்குள் வந்து வெளியே போகும்வரை அசையாமல் எடுங்கள். மலை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் படத்தில் தெரியும்.

ட்ரோன் படம் மாடலுக்கு உதவுமா?

நிறையவே. யோசித்துப் பாருங்கள்: மாடல் மேசை 90 சென்டிமீட்டர் உயரம், உங்கள் கண் ஒன்றரை மீட்டரில். மாடலுக்கு மேல் 60 சென்டிமீட்டர். எச்ஓ கணக்கில் 52 மீட்டர். அதாவது உங்கள் மாடலைப் பார்க்கும் ஒவ்வொருவரும் அதை ட்ரோன் உயரத்திலிருந்துதான் பார்க்கிறார். நாம் ரயிலை நிஜத்தில் பார்ப்பதோ தரையிலிருந்து, பக்கவாட்டில். அதனால்தான் பக்கவாட்டை அழகாகச் செய்துவிட்டுக் கூரையைக் கோட்டைவிடுகிறோம்.

பெட்டியின் கூரை, நிலையத்து ஓட்டில் படிந்த பாசி, ஷெட் தகரத்தில் துரு வழிந்த கோடு, தண்டவாளத்துக்கு நடுவே எண்ணெய்க் கறை, பாதைக்கு மேலே மண் சரியாமல் கட்டிய சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் மேலிருந்துதான் தெரியும். அதற்கு நீங்களே பறக்க வேண்டியதில்லை. மேம்பாலம், எஸ்டேட் மேட்டுச் சாலை, குன்னூரில் எதிர்மேட்டு மாடி வீடு எதிலிருந்தும் எடுக்கலாம்.

மேசையை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிவிட்டால் பார்வை தரைமட்டத்துக்கு வந்துவிடும். கூரைப் பிழைகள் மறையும், மலை நிமிர்ந்து நிற்கும். எட்டாத குழந்தைகளுக்கு ஒரு முக்காலி போடுங்கள்.

மாடலையே ட்ரோன் படம் மாதிரி எடுக்க முடியுமா?

முடியும். காப்புக்காட்டுக்கு மேலே கிடைக்காத காட்சியை அடர்லி மாடலுக்கு மேலே யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுக்கலாம். எனக்கு மாடலில் பிடித்ததே இதுதான்.

வேகத்தை முதலில் சரிசெய்யுங்கள். 13 கிலோமீட்டர் வேகம் எச்ஓவில் விநாடிக்கு 4 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு மீட்டர் கடக்க 24 விநாடி ஆக வேண்டும். கடிகாரம் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மெதுவாக ஓட்டினாலே பாதி உண்மைத்தனம் வந்துவிடும்.

கேமரா நகர்வதற்கு கர்ட்டன் மாட்டும் அலுமினியச் சேனலை உத்தரத்தில் பொருத்தி, அதன் உருளைகளில் போனைத் தொங்கவிடுங்கள். நூல் கட்டி மெல்ல இழுத்தால் ட்ரோன் மிதக்கிற மாதிரியே வரும். மாடலுக்கு மேல் 70 சென்டிமீட்டர் என்றால் நிஜத்தில் 60 மீட்டர்.

பெரிய கேமராவைவிடப் போன் நல்லது. பெரிய கேமராவில் அருகிலிருந்து எடுத்தால் முன்னும் பின்னும் மங்கி பொம்மை என்று காட்டிக்கொடுக்கும். நிஜ ட்ரோன் படத்தில் எல்லாம் தெளிவாக இருக்கும், போனின் சின்ன சென்சாரிலும் அப்படித்தான். விளக்கு ஒன்றே ஒன்று, தூரத்தில், ஒரு பக்கமாக. வானத்தில் ஒரே சூரியன் இருக்கும்போது ரயிலுக்கு மூன்று நிழல் விழக் கூடாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் எல்இடி வெளிச்சத்தில் ஷட்டர் 50ல் அல்லது 100ல் ஒரு பங்கு வைத்தால் கோடுகள் ஓடாது.

நாங்கள் கொடைக்கானல். எங்கள் மலையில் ரயிலே இல்லையே, என்ன செய்வது?

உங்களுக்குத்தான் சுதந்திரம் அதிகம். கொடைக்கானல் ரோடு நிலையத்திலிருந்து வத்தலக்குண்டு வழியாகப் பெருமாள்மலைக்கு ஒரு பல் தண்டவாளம் போயிருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனையாகச் செய்யுங்கள். கீழே வாழைத் தோட்டம், மேலே காபி, பிறகு பைன் மரங்கள். யாரும் பிழை சொல்ல முடியாது. இன்ஜின் மட்டும் பின்னால் இருக்கட்டும்.

மழையில் ரயில் ரத்தாகும் காலத்தில் வந்துவிட்டோம். வேறு என்ன பார்க்கலாம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் பல் தண்டவாளப் பகுதி அடிக்கடி மூடப்படும். 2009 நவம்பர் மழையில் பெரிய சேதமே ஆனது. அப்படி மூடினாலும் பல நேரம் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் ரயில் ஓடும். அதில் லவ்டேல் வரை போய் வாருங்கள். குன்னூர் நிலையத்தில் நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு ஷெட் பக்கம் தெரிவதை எடுங்கள். தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஓர் எக்ஸ் நிற்கிறது, டெல்லிக்குப் போகிறவர்கள் ஒரு இஞ்ச் டேப்பும் எடுத்துப் போங்கள். ஓடும் இன்ஜினில் அளக்க முடியாத கம்பிகளையும் உருளைகளையும் அங்கே பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பக்கத் தொட்டியின் ஆணி வரிசையை மறக்காமல் படம் எடுங்கள், பின்னால் அதுதான் தேவைப்படும்.